சிவப்பு மை படாத ஒரு பக்கம்

இப்போது நான் எழுதப்போவதை நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் என் கழுத்தில் தொங்கிய விசில்மேல் ஆணையாக, மூன்று கடல்களையும் சாட்சிக்கு நிறுத்தி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது நம்பத்தகுந்த கதை அல்ல. உடற்பயிற்சி ஆசிரியன் லாரன்ஸ் வாய் திறந்தால் சாளை மீனும் சுறாவாகும் என்பது நம் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டவர்கள்தான் நீங்கள். சிதம்பரதாணு சாருக்காக இன்னும் ஒரு முறை கேளுங்கள்.

செய்தி எனக்கு மீன்சந்தையில் வந்தது. நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். என் அக்காள் மகள் லீமா போனில் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க நிக்கீங்க?"

"சந்தையில. என்னட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சார் போயிட்டாவ, மாமா."

"எங்க போனாரு? பஸ் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தவர், நாலு மணிக் காப்பிக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லையாம். வாழ்நாளில் ஒரே ஒரு மத்தியானம், கவலைப்பட எதுவும் இல்லாமல் அவருக்கு வாய்த்திருக்கிறது. அதை அவர் வீணாக்கவில்லை. நெத்திலியை நான் வாங்கினேனா, அங்கேயே போட்டுவிட்டு வந்தேனா என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை.

அவரை அறியாத ஒன்றிரண்டு பேர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாரத்துக்குத் தெற்கே, வயலும் கடலும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்த எங்கள் அரசு உயர்நிலைப்பள்ளிக்கு ஐந்து வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் சிதம்பரதாணு சார். 'வெப்ராளம்' என்று நம் பக்கத்தில் சொல்வோமே, பதற்றமும் பரபரப்பும் வயிற்றுக்குள் ஒரு கோழி ஓடுவதும் எல்லாம் சேர்ந்தது, அதற்கு மனித உருவம் கொடுத்தால் அவர். ஆற்றில் தண்ணீர் கூடினால் குழித்துறைக்காரர்களுக்குக் கவலை. குறைந்தால் வயல்காரர்களுக்குக் கவலை. சாருக்கு இரண்டுக்கும் கவலை. கூடாமலும் குறையாமலும் இருந்தால், "ஏன்வே அப்படியே கெடக்கு?" என்று அதற்கும் கவலை.

பதவியேற்ற அன்று மைதானத்துக்கு வந்து என் விசிலை உற்றுப் பார்த்தார்.

"வே லாரன்சு, இதுக்குள்ள ஒரு குண்டு உருளுதுல்லா?"

"ஆமா சார்."

"அது தெறிச்சு உம்ம தொண்டையில போயிட்டுன்னா?"

"இருபது வருசமா ஊதுகேன் சார். இதுவரை போகல்ல."

"அதான் எனக்குப் பயம்," என்றார். "இதுவரை போகல்ல."

தினமும் காலையில் சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வருகிற வழியிலேயே பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அன்றைய கவலைகளை எறும்பு எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தத் துண்டுத்தாளில் நாற்பது கவலைகளை அடக்கும் கை அது. அரிசிமணியில் பெயர் எழுதுகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்க வரிசையில் நின்றதாகக்கூடக் கேள்வி. தீர்ந்துபோன கவலையை அடித்துவிடுவார். பள்ளி விட்டதும் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார். அடிபடாத கவலைகள் மறுநாள் டிக்கெட்டில் முதல் இடம் பிடிக்கும்.

சுனாமி அலை வந்த அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்குக் கடற்கரைப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிருந்தது, வீடும் இல்லாமல் போயிருந்தது. தற்காலிகக் குடியிருப்பு என்று தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். அங்கிருந்து நடந்து வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், வயல்பக்கத்துப் பிள்ளைகள் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் மினிபஸ் வந்து திரும்பலாம், அவ்வளவு அகலம். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. வாத்தியார் கேட்டால் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சார் தினமும் அந்த வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். உள்ளே போகமாட்டார். நான் கேலி செய்தேன். "பெஞ்சு ஓடியா போயிரும் சார்?"

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது, எண்பதுகளின் தொடக்கம். நம் மாவட்டத்தில் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே மூண்ட கலவரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "லீவு எல்லாம் முடிஞ்சு ஒரு திங்கக்கெழம கிளாசுக்குள்ள போறேன். பாதி பெஞ்சு காலி. மிச்சம் இருந்த பிள்ளைகள் என் கண்ணு முன்னால எழும்பி, ஆளுக்கொரு பக்கமா பெஞ்ச இழுத்தானுவ. தரையில அது உரசுற சத்தம் இருக்கே. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற பய ஒருத்தன் வரவே இல்ல. இப்பமும் வரல்ல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "பெஞ்சு நகருற சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடிப்போய்ப் பாப்பேன்வே."

அதற்குப் பிறகு பெஞ்சைப் பற்றி நான் கேலி செய்ததில்லை.

இந்த நிலையில்தான் என் மருமகள் லீமா ஒரு திட்டத்தோடு வந்தாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே தகரக் கொட்டகையில்தான் இருந்தாள். கூடப் படிக்கும் அனிஷ், வயல்பக்கத்துப் பையன், அய்யாவழி என்ற தனி வழிபாட்டு மரபைப் பின்பற்றும் குடும்பம். கல்லூரிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்குப் போய், இந்த மாவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றையும் வழக்கங்களையும் வாரம் ஒரு பாடமாக நடத்துவது என்பது திட்டம். பாடப்புத்தகத்தில் பாபர் இருக்கிறார், அசோகர் இருக்கிறார், பக்கத்துப் பெஞ்சுக்காரன் இல்லை என்றாள் லீமா.

"ஹெட்மாஸ்டர் சம்மதிப்பாரா மாமா?"

"நான் இருக்கும்போது உனக்கென்னட்டி பயம்?" என்று நெஞ்சைத் தட்டிவிட்டு நேராக சாரின் அறைக்குப் போனேன். கலெக்டரே இந்தத் திட்டத்தை நம் பள்ளியில் தொடங்க ஆசைப்படுவதாக ஒரு போடு போட்டேன்.

"கலெக்டர் உம்மகிட்ட சொன்னாரா?"

"என்கிட்டேதான் சார்."

"எங்க வச்சு?"

அவசரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான். "மீன்சந்தையில."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன மீன் வாங்கினாரு?"

"வாளை சார்."

"அப்ப நல்ல மனுசன்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் மறுக்கவும் இல்லை. கடைசியில் பிள்ளைகள் இருவரையும் வரச்சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். ஒரே நிபந்தனை.

"உங்க கதைய நீங்க சொல்லப்பிடாது. கடற்கரைக் கதைய அனிஷ் சொல்லட்டும். அய்யாவழிக்காரங்க கதைய லீமா சொல்லட்டும்."

"அது ஏன் சார்? எங்களுக்குத் தெரிஞ்சதை நாங்க சொன்னாத்தானே சரியா இருக்கும்?" என்றான் அனிஷ்.

"சொந்தக் கதைய சொல்லுறவன் சத்தத்தக் கூட்டுவான், மக்கா. அடுத்தவன் கதைய சொல்லுறவன் பயந்து பயந்து சொல்லுவான். பயந்து சொன்னாத்தான் ஒழுங்கா சொல்லுவான்."

உலகத்தில் பயத்தை ஒரு பாடமுறையாகக் கண்டுபிடித்த முதல் கல்வியாளர் அவர்தான் என்று நான் அறிவிக்கிறேன்.

பாடக்குறிப்பை ஒரு வாரம் முன்பே எழுதி அவரிடம் காட்ட வேண்டும். அனிஷ் கடற்கரை மக்களைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். சார் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். யாருக்காவது மனம் நோகுமோ என்று தோன்றியதையெல்லாம் அடித்தார். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கரை ஊர்கள் மதம் மாறிய கதை போயிற்று. ராஜாக்கள் போனார்கள். சாதி என்ற சொல் வந்த இடமெல்லாம் செங்கடலாயிற்று. கடைசியில் மிஞ்சியது இரண்டே வரி: 'நம் மாவட்டத்தில் பலவகை மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் சோறு உண்கிறார்கள்.' அதையும் திருப்பித் தருமுன் பேனா சோற்றின்மேல் நின்றது.

"மரச்சீனிக் கிழங்கு தின்னுறவங்க வருத்தப்படுவாங்களோ?"

அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் என்ன செய்வான் பாவம்? வகுப்பில் போய் நின்று இரண்டு வரியையும் சொன்னான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறு வழியில்லாமல், பாடத்துக்காகத் தான் வள்ளத்தில் கடலுக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். என் மச்சான் சூசைதான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கரை மறையும் முன்பே அனிஷ் வாந்தியெடுக்கத் தொடங்கியிருக்கிறான். "மூணு நாளைக்கு முன்னால தின்னதுகூட வெளிய வந்துட்டு," என்றான். கடற்கரைப் பெஞ்சில் ஒரு பெண் சிரிப்பை அடக்கமுடியாமல், "சார், கடலைப் பாத்துக்கிட்டு நிக்கப்பிடாது, தூரத்துல கரையிலுள்ள தென்னையப் பாக்கணும்," என்றாள். அந்த வகுப்பில் கேட்காமல் வந்த முதல் பேச்சு அது. மறுபக்கத்தில் ஒருவன், "பஸ்ஸுலயும் அப்படித்தான்," என்றான். இரண்டு பக்கமும் சிரித்தது.

வெளியே சன்னலோரம் சார் நின்றிருந்தார். நகம் கடிக்கத் தொடங்கி மணிக்கட்டுவரை வந்திருந்தார். "இது குறிப்புல இல்லியேவே," என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

லீமாவின் முறை ஐந்து வாரம் கழித்து வந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அவள் அனிஷின் ஊருக்குப் போய், அவர்களுடைய வழிபாட்டிடமான நிழல்தாங்கலின் வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். அங்கே பணிவிடை செய்பவர் அனிஷின் அப்பா தங்கப்பன். எளிய சனங்கள் தலையில் துணி கட்டவே கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்ததை அவர் சொன்னார். தலையில் சுமை ஏற்றலாம், தலைப்பாகை ஏற்றக்கூடாது. அதனால்தான் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. போகிறவன் தன்னை நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுகிறான்.

லீமா ஒரே பக்கத்தில் எழுதினாள். சார் அதை மூன்று நாள் வைத்திருந்தார். அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். வியாழக்கிழமை தாள் திரும்பி வந்தது. ஒரு துளி சிவப்பு இல்லை. கீழே கையெழுத்து மட்டும்.

"சார் இத வாசிச்சாவளா மாமா? இல்ல, மறந்து கையெழுத்து போட்டுட்டாவளா?" அவளுக்கு அதுவே புதுக் கவலையாயிற்று.

பாடம் அருமையாக நடந்தது. இதில் மிகை இல்லை, நானே பார்த்தேன். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய துண்டுகளால் வகுப்பிலிருந்த பையன்கள் எல்லாருக்கும், இரண்டு பக்கமும், தலைப்பாகை கட்டிவிட்டாள். சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி ஒவ்வொருவனாகப் பார்க்கவைத்தாள். கூனி நடக்கிறவன்கூடக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு அங்குலம் உயர்ந்தான். மணி அடித்ததும் ஒரு வார்த்தை சொன்னாள்: "வீடு போய்ச் சேருற வரைக்கும் கட்டிக்கிட்டே போங்க. வழியில எவன் முன்னாலயும் அவுக்கப்பிடாது, கேட்டியளா?"

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை.

தகரக் கொட்டகைகளுக்கு நடுவில், தகரத்தாலேயே போட்ட கோயிலில் அன்று சாயங்காலம் சிலுவைப்பாதைச் செபம். சனம் நிறைந்திருந்தது. நானும் முழங்காலில் நின்றேன். பள்ளி விட்டுவந்த எங்கள் பையன்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே கோயிலுக்கு வந்தார்கள். வீடு போய்ச் சேருகிறவரை அவிழ்க்கக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். பதினோரு தலைப்பாகைகள் வரிசையாக உள்ளே நுழைந்தன. எங்கள் கோயிலுக்குள் ஆண்பிள்ளை தலையை மூடக்கூடாது. மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியாரே வந்தாலும் செபத்தின்போது தொப்பியைக் கழற்றுவார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், பக்தியால் அல்ல. ஃபாதர் செபத்தைத் தொடர்ந்தார். என் மச்சான் சூசைதான் எழுந்துபோய், எல்லார் முன்னாலும் தன் மகன் தலையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தான்.

வெளியே வந்ததும் லீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு இது தோணவே இல்ல. நெனப்பு தெரிஞ்ச நாள் முதலா நான் கோயிலுக்குள்ள முக்காடு போட்டுத்தானே போறேன்? தலைய மூடுறதுன்னா மரியாதைன்னுதானே எனக்குத் தெரியும்?"

கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? சனிக்கிழமை செய்தி வயல்பக்கம் போயிற்று. அங்கே அது வேறு உருவம் எடுத்தது. நம் தலைப்பாகையைப் பள்ளிக்கூடத்தில் நாடகத் துணி ஆக்கினார்கள், அதைக் கடற்கரைக்காரன் பிடுங்கி மண்ணில் எறிந்தான். இது ஒன்றும் பொய் இல்லையே! ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் கூட்டம் போட்டார்கள். கடற்கரைப் பிள்ளைகள் அத்தனை பேரின் மாற்றுச் சான்றிதழையும் திங்கள் காலையில் வாங்கிவிடுவது என்று எங்கள் பக்கம் முடிவாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேறு பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. வாங்கினால் படிப்பு அதோடு சரி.

திங்கள் காலையில் கேட்டுக்கு வெளியே இரண்டாயிரம் பேர் நின்றார்கள். வடக்கே வயல்பக்கம், தெற்கே கடற்கரை, நடுவில் எங்கள் பள்ளிக் கேட். பூட்டுக் கொண்டி பழுதான கேட். கடல்கூட அலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. சார் பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்த நடுவில் நடந்து உள்ளே வந்தார்.

"வே லாரன்சு, ஒன்பதாங் கிளாஸை மைதானத்துக்குக் கொண்டு போம். கபடி ஆடட்டும். பெஞ்சுப் பக்கம் ஒருத்தனும் இருக்கப்பிடாது."

"சார், நீங்க வெளிய போகாண்டாம். போலீசுக்கு..."

"போலீசு வந்தா அப்புறம் அவங்க கதையாயிரும்," என்றார். பாடம் முடிந்ததும் லீமா திருப்பிக் கொடுத்திருந்த அந்த ஒற்றைத் தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் சிங்கம்போல அவருக்கு முன்னால் நடந்தேன்.

சூசைதான் முதலில் பேசினான். "சாரே, நமக்க பிள்ளைகளுக்க டி.சி.ய எடுங்க. வேற பேச்சு வேண்டாம்."

தங்கப்பன் வயல்பக்கத்துக் கூட்டத்திலிருந்து, "எங்களுக்கும் ஒரு பதில் வேணும். யாரைக் கேட்டு எங்க வழிபாட்ட இங்க ஆடிக் காட்டினீங்க?" என்றார். சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் ஊரார் அவரைத்தான் முதலில் குற்றம் சொல்லியிருந்தார்கள்.

சார் தாளைத் தூக்கிக் காட்டினார். "இது அந்தப் பிள்ளை எழுதினது. நான் வாசிச்சேன். மத்த எல்லாப் பாடத்தையும் வெட்டினேன், இத மட்டும் வெட்ட எனக்குக் கை வரல்ல. ஒரு வரி பொய் இல்ல இதுல. கையெழுத்து என்னது. அதனால தப்பும் என்னது. கோயிலுக்குள்ள ஆம்பிள தலைய மூடப்பிடாதுன்னு எனக்குத் தெரியாது. ஐம்பத்தேழு வயசாச்சு, கடற்கரையிலேருந்து கூப்பிடு தூரத்துல பிறந்தவன். தெரியாது."

"லீமாவுக்குத் தெரியாதா? அவ நமக்க பிள்ளைதானே!" என்றான் சூசை.

இங்கேதான் தங்கப்பன் குறுக்கிட்டார். "ஓய், ஒரு நிமிசம். உங்க கோயில்ல பொம்பளைங்க எப்படி?"

"பொம்பளைங்க மூடணும்."

"மூடணுமா? அப்போ அந்தப் பிள்ளை சின்ன வயசிலேருந்து மூடித்தானே போயிருக்கும்?"

"அதுக்கு?"

"பின்ன அதுக்கு எப்படிவே தெரியும், நீங்க மூடப்பிடாதுன்னு? உள்ள வந்தா அது சாமியப் பாக்குமா, உம்ம மண்டையப் பாக்குமா?"

பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சூசைக்கு இன்னும் கோபம் வந்தது. "பேச்ச மாத்தாதிய. டி.சி.ய எடுங்க சாரே."

சார் சட்டைப்பையிலிருந்து, டி.சி. புத்தகம் இருந்த அலமாரியின் சாவிக்கொத்தை எடுத்தார். அப்போது அவர் கை நடுங்க ஆரம்பித்தது. சாவி சாவியோடு மோதும் சத்தம் கொட்டாரம் சந்திப்புவரை கேட்டது. தாள் காற்றில்லாமல் படபடத்தது. "எழுதித் தாறேன். ஆனா இந்தக் கைய வச்சு இன்னைக்கு ஒரு எழுத்தும் எழுத முடியாது, சூசை. பாத்தியளா? வெள்ளிக்கிழமை வாங்க. கடைசிப் பீரியடு. நீங்க ரெண்டு பேரும் வந்து, உங்க இடத்துல எப்படின்னு பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்க. சொல்லி முடிச்சாச்சுன்னா, கையும் நின்னிருக்கும். அப்ப டி.சி. வேணும்னா எழுதித் தாறேன்."

"சொந்தக் கதைய சொல்லப்பிடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று, காலையிலேயே பள்ளிக்கு வந்து எனக்குப் பின்னால் நின்ற அனிஷ் மெல்லக் கேட்டான்.

"சொன்னேன். அது சத்தத்தக் கூட்டுறவங்களுக்கு. இவங்களுக்கு இனி கூட்டுறதுக்குச் சத்தம் மிச்சம் இல்ல," என்றார் சார்.

சூசை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடலில் பெரிய காற்றைப் பார்த்தவன். கடைசியில், "தண்ணி குடிங்க சாரே," என்று மட்டும் சொன்னான்.

நம் மாவட்டம் முழுவதும் இதை எப்படிச் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர் கையை நடுக்கிக் காட்டிக் கலவரத்தை நிறுத்தினார், என்ன நடிப்பு, என்ன தந்திரம் என்று சாயாக்கடைகளில் பேசினார்கள். அதற்குக் காரணம் வேறு யாரும் அல்ல. சொல்லிப் பரப்பியது நான்தான். ஒரு தந்திரசாலியின் கீழ் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். சின்னப் பெஞ்சுகளில் அவர்களுக்கு இடம் கொள்ளவில்லை. நடுவில் இருந்த அந்த இடைவெளியில் இரண்டு நாற்காலி போட்டோம். என்ன பேசினார்கள் என்பதைவிட, பிள்ளைகள் அவர்களைப் பார்க்க இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பி உட்கார வேண்டியிருந்தது என்பதே எனக்கு நினைவிருக்கிறது. மறுநாளே பெஞ்சுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன என்று எழுதக் கை துடிக்கிறது. அப்படி நடக்கவில்லை. சூசை அதற்குப் பிறகு டி.சி. பேச்சை எடுக்கவில்லை, ஆனால் இரண்டு கடற்கரைக் குடும்பத்தார் எதையும் கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சார் அவர்கள் கொட்டகைக்கு மூன்று தடவை நடந்தார். ஒரு பிள்ளை திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை. வகுப்பில் ஒரே ஒரு பெஞ்சு, கடற்கரைப் பக்கத்தில் கடைசி, கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்தது. அது நகரும் சத்தம் கேட்டுச் சார் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். வாசலில் நின்று பார்த்தார். அது நெருங்குவதற்காக நகர்ந்தது என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நெசமாவா வே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

லீமா இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை. சார் இறந்த அன்று அவர் வீட்டு முற்றத்தில் அவளும் சூசையும் தங்கப்பனும் நின்றார்கள். தங்கப்பன் தலையில் கட்டியிருந்தார், சூசை தலையில் ஒன்றும் இல்லை, லீமா முக்காடு போட்டிருந்தாள். ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

என்னிடம் சாருடையது என்று ஒன்றுதான் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமையின் பஸ் டிக்கெட். அன்று சாயங்காலம் அதைக் கிழிக்க மறந்து மேசையில் விட்டுப்போனார், நான் எடுத்துக்கொண்டேன். அதில் நாற்பது கவலைகள் இல்லை. மூன்றே. 'கேட் கொண்டி. லீமா அழக்கூடாது. பெஞ்சு.' முதல் இரண்டும் அடிக்கப்பட்டிருக்கின்றன.

இனி, சத்தியம் செய்தபடி, என் கதையை நீங்கள் நம்ப வேண்டாம். கேட்டில் நின்றது இரண்டாயிரம் பேர் அல்ல, ஒரு பதினைந்து இருபது பேர். நான் சிங்கம்போல முன்னால் நடக்கவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன், எனக்குப் பின்னால் அனிஷ் நின்றான். கடல் நிற்கவில்லை, அது எதற்கும் நின்றதில்லை. நடிப்பு, தந்திரம் என்று நான் ஊரெல்லாம் சொன்னதும் பொய். அவர்கள் போனபிறகு அறைக்குள் வந்து அந்தச் சாவிக்கொத்தை வாங்கியவன் நான். அவரால் அதை மேசையில் வைக்க முடியவில்லை. டிக்கெட்டில் 'பெஞ்சு' என்ற சொல் மட்டும் கோணிக் கோணிப் போகிறது, எறும்பு எழுத்துக்காரர் எழுதியது போலவா இருக்கிறது?

அந்தக் கை நடுங்கியது. அது ஒன்று மட்டும் உண்மை.